மூலையில் இருந்த நாட்கள்

குரு என்றதும் தாடியைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஏமாற்றம்தான். இதில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் தேவமலர். ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், எலிகளின் மூளையை ஆராய்கிற கூடம் அவருடையது. சிஷ்யைக்கு நாற்பத்து நான்கு. பெயர் மங்கையர்க்கரசி; சுருக்கமாக அரசி. தருமபுரிப் பக்கம் பதினைந்து வருடம் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று நீண்ட விடுப்பில் வந்திருந்த கால்நடை மருத்துவர்.

குரு சிஷ்யையை ‘டாக்டர்’ என்று கூப்பிடுவார். சிஷ்யை குருவை ‘மேடம்’ என்பார். வயது இடிக்கிறதே என்று முதல் வாரம் இரண்டு பேருக்கும் கொஞ்சம் சங்கடம் இருந்தது. அப்புறம் வேலை வந்துவிட்டது. சங்கடப்பட நேரமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அரசி குருவின் அறைக்குள் வந்து, உட்காராமல் நின்றார்.

“மேடம், நான் இன்னிக்கு மூணரை பஸ்ஸுக்குக் கிளம்பணும்.”

“தாராளமா கிளம்புங்க. அதுக்கு ஏன் முகம் இப்படி இருக்கு?”

“நாலரைக்கு வீட்டுக்கு அந்தம்மா வர்றாங்க. குழந்தையைக் கொடுத்தாங்களே, அந்த இல்லத்துலேருந்து.”

“வந்து குழந்தை எப்படி இருக்குன்னு பார்ப்பாங்க. நல்லதுதானே?”

“அவங்ககிட்ட இதைக் கொடுக்கப் போறேன்.”

அரசி ஒரு உறையை மேசைமேல் வைத்தார்.

“என்ன இது?”

“குயிலியைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடச் சொல்லி எழுதியிருக்கேன்.”

குயிலிக்கு மூன்றரை வயது. அரசியின் வீட்டுக்கு வந்து அன்றோடு பதினோரு நாள். சட்டப்படி தத்து முடிவதற்கு இன்னும் சில மாதம் இருந்தது. அதுவரை முடியாது என்று சொல்ல வழி இருந்தது. அந்த வழியில்தான் அரசி போகத் துணிந்திருந்தார்.

தேவமலர் பேனாவை மூடி வைத்தார்.

“உட்காருங்க டாக்டர். வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“திருப்பி அனுப்ப அவருக்கு இஷ்டமே இல்லை. ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. ஆனா முடிவை என்கிட்ட விட்டுட்டார். மனசு ஒட்டலைன்னு நீயே சொல்றப்போ நான் என்னத்தச் சொல்றதுங்கறார்.”

“குழந்தை ஏதாவது படுத்துதா?”

“படுத்தினாக்கூடப் பரவாயில்லை மேடம். கொடுத்ததைத் திங்குது. குளிக்க வான்னா வருது. ராத்திரி சுவத்தோரமா சுருண்டு படுத்துக்குது. அழறதே இல்லை. குறை அதுகிட்ட இல்லை. என்கிட்ட.”

“என்ன குறை?”

அரசி கொஞ்ச நேரம் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“முந்தாநாள் வாசப்படியில விழுந்துடுச்சு. முட்டியில நல்ல ரத்தம். எதிர்வீட்டம்மா ஓடி வந்தாங்க. இவர் செருப்புகூடப் போடாம ஓடினார். நான் என்ன பண்ணேன் தெரியுமா? உள்ளே போய்ப் பஞ்சும் டிஞ்சரும் எடுத்தேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன். கன்னுக்குட்டிக்குக் கட்டுப் போடப் போறவ மாதிரி நிதானமா நடந்து வந்தேன்.”

“கட்டுப் போட்டீங்களா?”

“போட்டேன்.”

“ஒழுங்கா?”

“கட்டு ஒழுங்காத்தான் இருக்கு. இன்னிக்குக் காலையில மாத்தலாம்னு பார்த்தா அவிழ்க்க விடமாட்டேங்குது. குளிக்கிறப்பக்கூட கையால பொத்திக்குது.”

தேவமலர் நிமிர்ந்து பார்த்தார்.

“பெத்தவளா இருந்தா ஓடியிருப்பா மேடம்,” என்றார் அரசி. “பஞ்சு ஞாபகமே வந்திருக்காது. என் ஆய்வேட்டோட முதல் வரி எனக்கே எழுதின மாதிரி இருக்கு.”

அந்த முதல் வரி என்ன என்று தெரிய, இவர்கள் பார்க்கிற வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மூளையின் அடிப்பக்கத்தில் சில ஆயிரம் நரம்பணுக்கள் இருக்கின்றன. சாதாரண நரம்பணு பக்கத்து அணுவுக்குச் சேதி சொல்வதோடு சரி. இவை சேதியும் சொல்லும், ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் இறக்கவும் செய்யும். தாய்க்குப் பால் இறங்குவது அதனால்தான். குட்டிமேல் ஒட்டுதல் வருவதிலும் அதற்குப் பங்கு உண்டு என்பார்கள். மற்ற நாட்களில் இந்த அணுக்களுக்கு நடுவே தாங்கணுக்கள் என்று வேறு வகை அணுக்கள், மெல்லிய தகடாகப் புகுந்து நின்று ஒன்றை ஒன்று தொடவிடாமல் மறித்திருக்கும். எலி குட்டி போட்டுப் பால் கொடுக்கிற காலத்தில் அந்தத் தகடு பின்வாங்கும். அணுவும் அணுவும் ஒட்டிக்கொள்ளும். ஒரே நரம்பு முனை இரண்டு அணுக்கள்மேலும் ஒருசேர வந்து உட்காரும். அப்படிப் புது இணைப்புகள் உண்டானபின் எல்லாம் ஒரே நேரத்தில் சுரக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரே வழிதான். எலியின் உயிரை எடுத்து, மூளையை எடுத்து, காற்றில் பறக்கிற அளவுக்கு மெல்லிசாகச் சீவி, மின்னணு நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். கொன்றேன் என்று அந்தக் கூடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். எடுத்துவிட்டேன் என்பார்கள். எடுத்த எலியில் எடுத்த அன்றைக்கு இருந்தது மட்டும்தான் தெரியும்.

மூன்று வருடமாக அரசி இந்தத் தகட்டைத்தான் அளந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வேடு இப்படித் தொடங்கியது: ‘குட்டி ஈனாத, பால் கொடுக்காத பெண் எலிகளில் இந்த இணைப்புகள் உண்டாவதில்லை.’

“எனக்குள்ள அந்தத் தகடு அப்படியே நிக்குது மேடம்,” என்றார் அரசி. “நாப்பத்து நாலு வயசு ஆச்சு. இனிமே எங்கே விலகப் போகுது? அந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல அம்மா கிடைக்கட்டும். இப்பவே அனுப்பினா சீக்கிரம் வேற வீடு அமையும். ஒட்டிக்கிட்ட பிறகு அனுப்பினாத்தான் பாவம்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். மாடு உதைத்துக் கை முறிந்தபோதுகூட அழாதவர் என்று கேள்வி.

அரசி கல்நெஞ்சுக்காரி இல்லை. பாவம், இரக்கப்பட்டுத்தான் இந்தக் காரியத்துக்கு வந்திருந்தார். இப்படி இரக்கத்தால் பிடிவாதம் பிடிக்கிறவர்களிடம் வாதம் செய்து பலனில்லை என்று தேவமலருக்குத் தெரியும். அவர் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி அரசியின் பக்கம் நகர்த்தினார்.

“உங்க வீட்டு விஷயத்துல நான் மூக்கை நுழைக்க மாட்டேன். கடுதாசி உங்களுது. கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம்.”

“சரிங்க மேடம்.”

“ஆனா என் வேலை ஒண்ணு பாக்கி நிக்குது. அடுத்த வாரம் கொடுக்கலாம்னு வெச்சிருந்தேன். முடிச்சுட்டுப் போங்க.”

“இப்பவா?”

“மணி ரெண்டுதானே ஆகுது.”

அரசிக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையே தலைகீழாக நிற்கும்போது வேலை கொடுக்கிறாரே என்று நினைத்திருப்பார். ஆனாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். மாட்டு வைத்தியர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போய்விடுவார்கள்.

தேவமலர் மேசை இழுப்பறையிலிருந்து பன்னிரண்டு படங்களை எடுத்துக் கொடுத்தார். நுண்ணோக்கியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் எலியின் வகையும் எண்ணும் எழுதி, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

இது அந்தக் கூடத்தின் கண்டிப்பான வழக்கம். எந்த எலி என்று தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால் ஒருவர் எண்ணை மறைப்பார், இன்னொருவர் பார்த்துப் பிரிப்பார். பிரித்து முடிக்கும்வரை டேப்பில் நகம் படக் கூடாது. ஒருமுறை ஆர்வம் தாங்காமல் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்த மாணவருக்கு, ஒரு மாத வேலையை மறுபடி செய்யும்படி ஆனது.

“தாய் இந்தப் பக்கம். குட்டி போடாத கன்னி அந்தப் பக்கம். பிரிச்சு வைங்க,” என்றார் தேவமலர்.

அரசி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். முதல் படத்தைப் பார்க்கும்போது கண்ணில் ஈரம் இருந்தது. மூன்றாவது படத்துக்கு வரும்போது இல்லை.

“இது கன்னி. தகடு முழுசா நிக்குது.”

“ம்.”

“இது தாய். இதுவும் தாய். இங்க பாருங்க மேடம், ஒரே முனை ரெண்டு அணுவுலயும் எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கு!”

“நான் பார்க்கக் கூடாது. நீங்க பாருங்க.”

முக்கால் மணி நேரம் ஆயிற்று. டீ அப்படியே ஆறிப்போயிருந்தது.

“எட்டு தாய். நாலு கன்னி.”

“நிச்சயமா?”

“வேற எதுல வேணா எனக்குத் தடுமாற்றம் வரும். இதுல வராது.”

“டேப்பைப் பிரிங்க.”

கன்னி என்று வைத்த நாலையும் அரசி முதலில் பிரித்தார். நாலும் கன்னிதான். தாய் என்று வைத்தவற்றில் முதல் நாலைப் பிரித்தார். நாலும் தாய்தான். ஒன்பதாவது படத்தின் டேப்பைப் பிரித்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மேடம், இதுல எண் மாறிப் போச்சு. கன்னி பதினாலுன்னு இருக்கு.”

“மாறலை. மிச்சத்தையும் பிரிங்க.”

கன்னி பதினைந்து. கன்னி பதினாறு. கன்னி பதினேழு.

அரசி நாலு படங்களையும் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“இது நான் ஒதுக்கி வெச்சதாச்சே!”

போன ஐப்பசி மழையில் எலி அறையின் கூரை ஒழுகியது. கூண்டுகள் போதவில்லை. எலிகளைப் பராமரிக்கிற ஆரோக்கியம், நாலு கன்னி எலிகளைத் தூக்கித் தாய் எலிகளின் கூண்டுகளில், குட்டிகளோடு சேர்த்து விட்டுவிட்டார். பத்து நாள் அவை அங்கேயே இருந்தன. பதினோராம் நாள் காலையில் திரும்ப மாற்றினார். அன்றைக்கே அரசி விஷயம் தெரியாமல் நாலையும் எடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. குட்டிகளோடு இருந்த கன்னி என்ன கன்னி, ஒப்பிடுவதற்கு உதவாது என்று ஆரோக்கியத்தைப் பிடிபிடி என்று பிடித்தார். நாலு எலிகளின் மூளை இருந்த பெட்டிகளிலும் சிவப்பு மையில் ‘கெட்டது’ என்று எழுதி அலமாரியின் அடித்தட்டில் தள்ளினார்.

“நீங்க கெட்டதுன்னு எழுதினதை நான் போன மாசம் சீவிப் படம் எடுக்கச் சொன்னேன்,” என்றார் தேவமலர். “எதையும் பார்க்காம ஒதுக்கறது எனக்குப் பழக்கமில்லை.”

“என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா நீங்க படத்தைப் பார்த்திருக்க மாட்டீங்க. பேரைப் பார்த்துப் பிரிச்சிருப்பீங்க.”

அரசி மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“இதுங்க குட்டி போடலையே மேடம்.”

“போடலை.”

“பால்?”

“ஒரு சொட்டு கிடையாது.”

“அப்புறம் எப்படி ஒட்டிச்சு?”

தேவமலர் எழுந்துபோய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். எலி அறையின் தினக்குறிப்பு. ஆரோக்கியத்தின் கையெழுத்து. எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தன.

“ஆரோக்கியம் அண்ணனைத் திட்டினீங்களே தவிர, அவர் எழுதி வெச்சதை நீங்க படிக்கவே இல்லை டாக்டரம்மா.”

கோபம் வந்தால்தான் தேவமலர் அந்த ‘அம்மா’வைச் சேர்ப்பார். அரசி குனிந்து படித்தார்.

கன்னி 14

நாள் 1. மூலையில்.

நாள் 2. மூலையில். குட்டி கிட்டே வந்தால் ஒதுங்குகிறது.

நாள் 3. குட்டிகள்மேல் மரத்தூளைத் தள்ளி மூடிவிட்டது. நான் தூளை விலக்கிவிட்டேன்.

நாள் 4. மூலையில். முகம் மட்டும் இந்தப் பக்கம், குட்டிகளைப் பார்த்து.

நாள் 5. மூலையில்.

நாள் 6. உருண்டு வெளியே போன குட்டியை வாயில் கவ்விக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நாள் 7. குட்டிகள்மேல் கவிழ்ந்து படுத்திருக்கிறது. பால் இல்லை. ஆனாலும் குட்டிகள் அங்கேயே கிடக்கின்றன.

எட்டு, ஒன்பது, பத்தில் ‘அதேபோல்’ என்று இருந்தது. அரசி பக்கத்தைத் திருப்பினார். கன்னி பதினைந்தும் ஆறாம் நாள்தான் தொட்டிருந்தது. பதினாறு ஏழாம் நாள். பதினேழு எட்டாம் நாள்வரை மூலையை விட்டு நகரவே இல்லை.

“இதுக்கே எட்டு நாள்தான். எனக்குப் பதினொண்ணு ஆச்சு.”

“நீங்க எலி இல்லையே.”

அரசிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. உடனே அடங்கிவிட்டது.

“மேடம், அப்போ எனக்கும் விலகும்னு சொல்றீங்களா?”

“நான் எங்கே சொன்னேன்? இருக்கிறது நாலே நாலு எலி. இதை வெச்சு எந்த மனுஷியைப் பத்தியும் நான் வாய் திறக்க மாட்டேன். இதுக்கு முன்னாடி இருந்த படங்களை வெச்சு நீங்க ஒரு மனுஷியைப் பத்தித் தீர்ப்பே எழுதி உறையில போட்டுக் கொண்டுவந்துட்டீங்க. அதுக்கும் நான் வாய் திறக்கலை.”

அரசி உறையைப் பார்த்தார். அது மேசைமேல், ஆறிய டீக்குப் பக்கத்தில் கிடந்தது.

வெளியே நடையில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அரசி மறுபடி நோட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். மூன்றாம் நாளுக்கு மேல் விரலை வைத்தார். மரத்தூள் என்ற வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரல் கீழே இறங்கி ஐந்தாம் நாளில் நின்றது.

“நாலாம் நாள் முகத்தைத் திருப்பியிருக்கு. அஞ்சாம் நாள் மறுபடி வெறும் மூலைதான்.”

“ஆமா.”

“மறுநாள் அதுவே போய்த் தூக்கியிருக்கு.”

“ஆமா.”

“அப்போ அஞ்சாம் நாள் உள்ளே என்ன நடந்துட்டு இருந்திருக்கும் மேடம்? தகடு நகர ஆரம்பிச்சிருக்குமா? ஒரு இணைப்பாவது வந்திருக்குமா? வெளியே ஒண்ணுமே தெரியலையே. அந்த ஒரு நாளைப் பார்த்துட்டா போதும் எனக்கு.”

கேட்கும்போது கைப்பையின் வாரை மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார். எலியைப் பற்றித்தான் கேட்டார்.

தேவமலர் நோட்டை மெதுவாக மூடினார்.

“அக்கா,” என்றார். மூன்று வருடத்தில் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “அஞ்சாம் நாள் உள்ளே பார்க்கணும்னா, அஞ்சாம் நாளே அதை எடுத்திருக்கணும். எடுத்திருந்தா அதுக்கு ஆறாம் நாள்னு ஒண்ணு இருந்திருக்காது.”



மணி மூன்று இருபது. அரசி உறையைப் பிரித்துக் கடிதத்தை எடுத்தார். எழுதியிருந்ததன்மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு அடித்தார். தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மூணரை பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போனார்.

எதிரே உட்கார்ந்திருந்த தேவமலர் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டிருந்தார்.

‘நாள் 11. மூலையில். முகம் இந்தப் பக்கம்.’